நீலக் கதிரை

கதிரையில் அந்த மனிதர் இல்லை.

சிவப்பிரியா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. குசினி யன்னலுக்கு வெளியே, வுப்பர் ஆற்றுக்கு மேலே, தொங்கு ரயில் ஒன்று வெளிச்சம் நிறைந்த பெட்டிகளோடு இரும்புத் தூண்களை அதிரவைத்துக் கடந்துபோனது. நேரம் என்னவோ பின்னேரம்தான். ஆனால் ஜெர்மனியில், நவம்பர் மாதத்து வுப்பர்டாலில் பின்னேரம் என்று ஒன்று கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை சப்பாத்தைக் கழற்றி முடிப்பதற்குள் வானம் கறுத்துவிடும். அப்படியான நாட்களில் அவள் கைபேசியை உப்புப் போத்தலில் சாய்த்து வைத்து, அந்தத் தீவைப் பார்த்துக்கொண்டே சமைப்பாள்.

இலையுதிர்கால விடுமுறைக்குக் குடும்பமாகப் போய்வந்த தீவு அது. சிசிலிக்கு அப்பால், வரைபடத்தில் மிளகு சிந்தினாற்போல் கிடக்கும் சின்னத் தீவுகளில் ஒன்று. கடல் எப்படி இருக்கிறது என்று படகுக்காரர் பார்ப்பதற்காக அங்கே துறைமுகத்தில் ஒரு கமரா பூட்டியிருந்தார்கள். நிமிடத்துக்கொரு படம் மாறும். படகுகள், காயப்போட்ட வலைகள், கல் பாவிய கரை. வலது மூலையில் அவர்கள் தங்கியிருந்த வீட்டின் சுவர். சுவரோரம் ஒரு நீலக் கதிரை.

"அந்த மனிசனைக் காணேல்லை," என்றாள்.

வேலைக்குப் போக மேலங்கியை மாட்டிக்கொண்டிருந்த கணவன் ஆரூரன் திரும்பிப் பார்த்தான். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை அவனுக்கு. அந்த வாரம் பின்னேர முறை.

"எந்த மனிசன்?"

"ரோசாலியா வீட்டுச் சுவரோட, நீலக் கதிரையில இருப்பாரே. எங்கட ஆள்."

ஆரூரன் குனிந்து திரையைப் பார்த்தான். அந்தக் கதிரையில் ஒருநாளும் யாரும் இருந்ததில்லையே என்றான். அவள் அதற்குப் பக்கத்தில் நின்று கதைத்ததைக் கண்டிருக்கிறான். காதில் ஃபோன் மாட்டித் தன் அம்மாவோடு கதைக்கிறாள் என்றல்லவா நினைத்தான். "கதிரையோடயா கதைச்சனீ? வீட்டில நான் இருக்கிறன், என்னோட கதைக்கிறேல்லை," என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

மேசையில் மகள் மிதுசா, பள்ளிப்பிள்ளைகள் இருட்டில் விளக்கேந்திப் போகும் சென் மார்ட்டின் ஊர்வலத்துக்குக் கடதாசி விளக்கு ஒட்டிக்கொண்டிருந்தாள். ஏழு வயது. மஞ்சள் கடதாசியில் ஒரு மீன். செதில் செதிலாக வெட்டிப் பசை பூசியபடி, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"மாமா வெளிக்கிட்டுட்டார்."

---

அந்தத் தீவில், பட்டினம் என்று பெயரே தவிர, அது ஒரு தெருவும் அதன் இரண்டு முனைகளும்தான். மஞ்சளும் சிவப்பும் நீலமுமாகப் பூசிய வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும். விடிகாலையில் படகுகள் வந்து முட்டும் சத்தம். பிறகு, பேய்க்கணவாயைக் கல்லில் அடித்து மெதுமையாக்கும் சத்தம், ஈரத்துணி துவைப்பதுபோல. நாள் முழுவதும் டீசலும் நனைந்த கயிறும் வெயிலில் காயும் உப்பும் கலந்த ஒரு மணம் தலைமுடிக்குள் வந்து குடியிருக்கும். அந்த மணம் சிவப்பிரியாவுக்குப் பிடித்திருந்தது. ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவள், வுப்பர்டாலில் ஒரு கண்ணாடிக் கடையில் மற்றவர்களின் பார்வையை அளந்து கொடுப்பவள். இப்படி ஒரு மணத்தை எங்கே அறிந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டுக்காரி ரோசாலியா, இளம் வயதில் சோலிங்கனில் கத்தரிக்கோல் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அதனால் ஜெர்மன் மொழி இருந்தது, கொஞ்சம் துருப்பிடித்து. வந்து இறங்கிய அன்றே சாவியைக் கையில் கொடுத்துவிட்டு ஒன்று சொன்னார். வாசல்களில் வெறுமனே கிடக்கும் கதிரைகளில் இருக்கவேண்டாம். அவற்றோடு பேசவும் வேண்டாம். ஆரூரன் சிரித்தான். சிவப்பிரியா, புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

நீலக் கதிரை வெறுமையாக இருக்கவில்லை. அதனால் அந்தப் பேச்சு அவளுக்கு நினைவுக்கே வரவில்லை.

முதல்நாள் பின்னேரம் ஆரூரன் படகுகளைப் படம் எடுக்கப் போய்விட்டான். அவள் மிதுசாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அந்த மனிதர் கதிரையில் இருந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். ஒடிசலான உடம்பு, நன்றாகக் கறுத்த முகம், நெற்றி ஏறிய முடி. சட்டை உடம்போடு ஒட்டி நனைந்திருந்தது. கதிரைக்குக் கீழே கல்லில் தண்ணீர் தேங்கியிருந்தது. இப்போதுதான் படகால் இறங்கியிருக்கிறார் போல. சிசிலியில், பலெர்மோவில் எங்கட சனம் நிறைய இருக்கிறது. அங்கிருந்து படகு வேலைக்கு வந்தவராக இருக்கும்.

வெளிநாட்டுத் தமிழருக்கு நோய்போல ஒரு வருத்தம் உண்டு. அந்நியத் தெருவில் தன் நிறத்தில் ஒரு முகத்தைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. அவளும் கேட்டாள்.

"தமிழோ?"

அவர் உடனே திரும்பவில்லை. மிக ஆழத்திலிருந்து எதையோ மேலே இழுத்து வருகிறவர்போல, கழுத்து மெல்ல மெல்லத் திரும்பியது. கண்கள் அவளைத் தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தன.

"ஓம்," என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவள்தான் பேசினாள். வுப்பர்டாலில் இருப்பது, ஆற்றுக்கு மேலே ரயில் தொங்கிக்கொண்டு போவது, பள்ளிக்கூட விடுமுறை என்று எல்லாம் சொன்னாள். ஊரில் எந்த இடம் என்று கேட்டபோது அவர் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. கடலைக் கடந்து வந்தவர்களிடம் சில கேள்விகள் கேட்கக் கூடாது என்று அவளுக்கும் தெரியும். பேச்சை மாற்றினாள்.

அந்தக் கிழமை முழுவதும் பின்னேரங்களில் அவர் அங்கே இருந்தார். சட்டை எப்போதும் நனைந்தே இருந்தது. மற்றவர்கள் அவரைக் கடந்து போகும்போது கண்ணை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்கள். வெளியூர்க் கூலியாள் என்று ஒதுக்குகிறார்கள் போல என்று அவளுக்குக் கோபம் வந்தது. அதனாலேயே அவள் இன்னும் கூடுதலாக நின்று கதைத்தாள். மிதுசா அவரை மாமா என்று கூப்பிடத் தொடங்கினாள்.

கடைசி நாள் கப்பல் காத்திருந்தது. ஆரூரன் பெட்டிகளை இழுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டான். அவள் கதிரையடியில் நின்று, எல்லாரும் சொல்வதை, அம்மா அவளுக்குப் பழக்கியிருந்ததைச் சொன்னாள்.

"அப்ப வாறம் அண்ணை. வீட்டையும் ஒருக்கா வாங்கோ."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எப்ப?" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கடையில் கூட வேலை செய்யும் கிர்ஸ்டனிடம் ஒருமுறை இப்படித்தான் வாய் வார்த்தைக்கு வீட்டுக்கு வா என்று சொல்லிவிட, அவள் அங்கேயே காலண்டரைத் திறந்து நாளும் நேரமும் குறிக்க டெர்மின் கேட்டாள். சொன்ன சனிக்கிழமை சொன்ன மணிக்கு கேக்கோடு வந்து நின்றாள், இவர்கள் காயப்போட்ட உடுப்புகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளியபடி கதவைத் திறந்தார்கள். தமிழாள் ஒருவரும் அப்படித் தேதி கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"எப்ப எண்டாலும் வாங்கோ. கதவு உங்களுக்குத் திறந்துதான் இருக்கும்."

மிதுசாவையும் சொல்லிவிட்டு வரச் சொன்னாள். பிள்ளை அவர் முன்னால் போய் நின்று ஏதோ சொன்னது. தாய் பின்னால் நின்று அதைத் திருத்தினாள். கப்பல் ஊதியது. அந்த மனிதர் முதல் தடவையாகச் சிரித்தார்.

மறந்துபோன தொப்பி ஒன்றைக் கையில் பிடித்தபடி ஓடிவந்த ரோசாலியா பாதி வழியில் நின்றுவிட்டார். சிவப்பிரியாவைப் பார்த்தார். கதிரையைப் பார்த்தார். யாரோடு பேசினாய் என்று கேட்டார். பதிலுக்கு நேரம் இருக்கவில்லை. மிதுசாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடும்போது சிவப்பிரியா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ரோசாலியா தன் உள்ளங்கையைக் கதிரையின் இருக்கையில் வைத்து எடுத்து, அந்த ஈரத்தை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

---

கதிரை வெறுமையாகத் தெரிந்த மறுநாள், கால்மிதி நனைந்திருந்தது.

மழைதான் என்று எடுத்துக் காயப்போட்டாள். காய்ந்தபோது அதில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

அதற்குப் பிறகு மாடிப்படி. கீழ்வாசலில் தொடங்கி முதல் திருப்பம் வரைக்கும் ஈரம், யாரோ நனைந்த காலோடு ஏறி நின்று யோசித்ததுபோல. அடுத்த நாள் அது இன்னும் ஒரு மாடி ஏறியிருந்தது. கழுவிய சோப்பு மணத்துக்குப் பழகிய அந்தப் படிகளில் டீசலும் நனைந்த கயிறும் மணத்தன. தீவில் பிடித்திருந்த அதே மணம் இங்கே தொண்டையை அடைத்தது. கீழ்வீட்டுக்காரி ஃபிராவ் லேமன், குப்பை வாளியோடு வழிமறித்தார். உங்கள் விருந்தாளி நல்ல மனிதராகத் தெரிகிறார், வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார், ஆனால் மாடி ஏறுமுன் தன்னைத் துடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். சரி என்றுவிட்டு, ஈரத்தை மிதிக்காமல் அவள் மேலே ஏறினாள்.

கமராவைப் பார்த்தாள். கதிரை வெறுமை. அன்றும், அதற்கு அடுத்த நாளும்.

கடைசியில் ரோசாலியாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் இந்த அழைப்பை எதிர்பார்த்திருந்தார் போல. முதல் மணியிலேயே எடுத்தார்.

கடலில் போய், உடம்பு திரும்பி வராதவர்களுக்கு அங்கே வாசலில் ஒரு கதிரை போடுவார்கள். இருக்க இடம் இருந்தால் அவர்கள் அலையமாட்டார்கள். ஆனால் யாரும் அவர்களோடு பேசக்கூடாது. கூப்பிட்டால் வந்துவிடுவார்கள். நீலக் கதிரை ஒரு வெளியூர் மனிதனுக்குப் போட்டது. ரோசாலியாவின் தகப்பன் காலத்துப் படகொன்றில் கூலியாக வந்தவன். பெயர்கூட யாருக்கும் சரியாகத் தெரியாது. புயலில் படகோடு போய்விட்டான். எங்கிருந்து வந்தான், யாருக்குச் சொல்லி அனுப்புவது, ஒன்றும் தெரியாது. அவனைப் பற்றி மட்டும் ஊருக்குப் பயம் இருக்கவில்லை.

"அவனுடைய மொழியில் அவனைக் கூப்பிட இங்கே ஒருவரும் இருந்ததில்லை, மகளே."

சிவப்பிரியா சுவரில் சாய்ந்துகொண்டாள். அவரை வீட்டுக்கு வரச் சொன்னதைச் சொன்னாள். பிறகு ரோசாலியா, போட்ட கதிரை அதிக நாள் வெறுமையாகக் கிடக்காது என்றார். அவனுக்கு வேறு யாராவது, வேறு ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார்.

இல்லை என்றாள் சிவப்பிரியா. நன்றாக யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

---

அன்று ஆரூரன் வேலைக்குப் போனபின் அவள் கதவைப் பூட்டினாள். சங்கிலியையும் மாட்டினாள். மிதுசா மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதவு திறந்திருக்கும் எண்டு சொன்னனீங்களே."

"சாப்பிடு."

தண்ணீர்க் குழாயை இறுக்கி மூடினாள். தொங்கு ரயில் ஒன்று போய் முடியும்வரைக்கும் காத்திருந்தாள். பிறகு வீடு அமைதியானது. அந்த அமைதிக்குள்ளே, கதவுக்கு மறுபக்கம், கேட்டது.

சொட்டு.

சொட்டு.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். கதவின் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தாள். மாடி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆள் இல்லை. எதிர்வீட்டுப் பூச்சாடி, கைப்பிடிக் கம்பி, படிகள். கீழே, கால்மிதி இருந்த இடத்தில், தரை பளபளத்துக்கொண்டிருந்தது. பளபளப்பு மெல்லப் பெருத்துக்கொண்டு வந்தது. கதவின் அடி இடுக்கால் உள்ளே நுழைந்து அவள் கால்விரலைத் தொட்டது. சில்லிட்டது.

வீட்டுக்கு வந்தவரை வராதே என்று சொல்ல அவளுக்கு யாரும் பழக்கவில்லை. வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"அண்ணை," என்றாள். "வராதேங்கோ."

சொட்டு நின்றது.

"நீங்கள்தானே வரச்சொன்னனீங்கள்."

கோபம் இல்லாத குரல். மரியாதையான குரல். கொஞ்சம் மனம் நொந்த குரல். கதவுக்கு அப்பால் அல்ல, மரத்துக்குள்ளிருந்தே வந்ததுபோல இருந்தது.

"தெரியாமல் சொல்லிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. திரும்பிப் போங்கோ. உங்களைக் கும்பிடுறன்."

மறுபடி ஒரு சொட்டு விழுந்தது. பிறகு, அதே மரியாதையோடு:

"அப்ப, பிள்ளை சொன்னது?"

அவளுக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்பதற்குள் ஈரமான காலடிகள் படியிறங்கின. ஒவ்வொன்றாக. நிதானமாக. தேடி வந்த வீட்டில் யாரும் இல்லை என்று திரும்பிப் போகிறவர்போல. கீழ்க்கதவு திறந்து மூடியது.

அவள் மிதுசாவின் முன்னால் மண்டியிட்டு இரண்டு தோள்களையும் பிடித்தாள். மாமாவுக்கு நீ என்ன சொன்னனீ என்று கேட்டாள். பிள்ளை அவளை விநோதமாகப் பார்த்தது.

"நீங்கள் சொல்லச்சொன்னதைத்தான்," என்றுவிட்டு மீனின் வாலை ஒட்டப் போனது.

---

அடுத்த நாள் சென் மார்ட்டின் ஊர்வலம். மிதுசாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் மறித்துவைக்க அவள் பார்த்தாள். ஆரூரன் விடவில்லை. இரண்டு கிழமையாகப் பிள்ளை ஒட்டிய விளக்கு என்றான். வேலைக்கு லீவு எடுத்துத் தானே கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னான். அவள் எல்லாவற்றையும் அவனுக்குச் சொல்லியிருந்தாள். அவன் கேட்டான், தலையாட்டினான், அவளுக்கு நித்திரை போதவில்லை என்றான். ஆனாலும் கையை விடமாட்டேன் என்று சத்தியம் பண்ணினான். போதாததற்கு டுசல்டோர்ஃபிலிருந்து அவளுடைய தம்பி கார்த்திகனும் வருகிறான்.

கடையில் கிர்ஸ்டனுக்குச் சுகமில்லை. சிவப்பிரியாவால் பூட்டும் நேரத்துக்கு முன் வெளியே வர முடியவில்லை. ஓடிப்போய்த் தொங்கு ரயிலில் ஏறினாள்.

பெட்டி ஆற்றுக்கு மேலே ஆடி ஆடிப் போனது. வெளியே முழு இருட்டு. கண்ணாடியில் முகத்தை ஒட்டிக் கீழே பார்த்தாள். வலது கரை நடைபாதையில் ஊர்வலம் தெரிந்தது. நூறு விளக்குகள், நெருப்பால் ஒரு பாம்பு ஊர்ந்ததுபோல, சூரியனும் நிலாவும் நட்சத்திரமும் முள்ளம்பன்றியுமாக அசைந்து வந்தன. பிள்ளைகளின் பாட்டு கண்ணாடியைத் தாண்டி மெலிதாகக் கேட்டது. அவள் மீனைத் தேடினாள். கண்டாள். மஞ்சள் மீன். மிதுசாவின் மஞ்சள் மழைக்கோட்டு. பக்கத்தில் ஆரூரன், ஒரு கையில் கைபேசி, மறுகையில் பிள்ளையின் கை. அவளுடைய மூச்சு கண்ணாடியில் பனியாகப் படிந்தது. துடைத்தாள்.

கைபேசி மட்டும் இருந்தது. ஆரூரனின் மறுகை வெறுமையாக இருந்தது.

மஞ்சள் மீன் வரிசையை விட்டு விலகி, ஆற்றுப் பக்கமாக, படிகள் இருக்கும் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. தனியாக அல்ல. ஒடிசலான ஓர் உருவத்தின் கையைப் பிடித்துக்கொண்டு. அந்த உருவம் நடந்த இடமெல்லாம் விளக்குகளின் வெளிச்சம் தரையில் மின்னியது. ஈரத்தில் மட்டும் வெளிச்சம் அப்படி மின்னும்.

கண்ணாடியை அடித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தொலைபேசி எடுத்தாள். கீழே ஆரூரன் காதில் வைப்பது தெரிந்தது.

"பிள்ளை எங்கை?"

"இஞ்சதான். கார்த்திகன் வந்திட்டான் போல. 'வாறன், மாமா' எண்டு சொல்லிப்போட்டு ஓடினாள். நான் அவனுக்குக் கை காட்டினன்..."

வாறன், மாமா.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. கப்பல் ஊதியது. வெயில். கதிரைக்கு முன்னால் நின்ற பிள்ளை "போறன், மாமா" என்றது. ஜெர்மன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, தெரியாது. அவள்தான் பின்னால் நின்று, அம்மா தன்னைத் திருத்தியதுபோல அதைத் திருத்தினாள். போறன் எண்டு சொல்லக்கூடாது, செல்லம். வாறன் எண்டு சொல்லு.

பிள்ளை சொன்னது. அவர் சிரித்தார்.

ரயில் நிற்கவில்லை. விளக்குகள் பின்னால் போயின. மீன் ஒரு புள்ளியாகியது.

புள்ளி அணைந்தது.

---

அடுத்த நிலையத்தில் இறங்கி எப்படி ஓடினாள் என்பது அவளுக்குத் தெரியாது. ஆரூரன் படிகளில் நின்று பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். பிறகு கார்த்திகன் வந்தான், மூச்சிரைக்க. டுசல்டோர்ஃபில் ரயில் பிந்திவிட்டது, இப்போதுதான் வருகிறேன் என்றான். அவனைப் பார்த்த ஆரூரனின் முகம் வெளிறிப்போனது. ஆசிரியைகள் பிள்ளைகளை எண்ணினார்கள். பொலிஸ் வந்தது. நீலவெளிச்சம் தண்ணீரில் சுழன்றது. ஆற்றில் அந்த இடத்தில் முழங்கால் ஆழம்தான். டோர்ச் அடித்தால் கல் தெரிந்தது. ஒரு பிள்ளை மறைய அங்கே இடமே இல்லை.

படிகளில் ஈரத் தடங்கள். பெரிய கால். சின்ன கால். தண்ணீருக்குள் போயின.

பெரிய காலின் தடம் மட்டும் திரும்பி ஏறியிருந்தது.

சிவப்பிரியா கைபேசியை எடுத்தாள். துறைமுகம் திறந்தது. அங்கேயும் இருட்டு. ஒற்றை விளக்கின் கீழே படகுகள். வலைகள். கல் பாவிய கரை.

அவளுக்குப் பின்னால், மிக அருகில், நனைந்த கயிறு மணத்தது. யாரோ மரியாதைக்குரிய தூரத்தில் வந்து நின்றார்கள். அவள் கழுத்தில் ஒரு துளி விழுந்தது.

"வந்திட்டன், தங்கச்சி."

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. திரையின் வலது மூலையை விட்டுக் கண் எடுபடவில்லை.

நீலக் கதிரையில் ஒரு சின்ன வெளிச்சம் இருந்தது. மஞ்சள் வெளிச்சம். மீன் வடிவில். அதற்குப் பின்னால் மஞ்சள் மழைக்கோட்டு. கதிரை அந்த உடம்புக்குப் பெரிது. கால்கள் நிலத்துக்கு எட்டவில்லை.

ஒரு படத்தில் இடக்கால் முன்னால் இருந்தது.

அடுத்த படத்தில் வலக்கால்.